பண்ணையாள் மகனின் பாட்டுக்கு மின்கிடார் ஆகாதா?

விக்தோர் ஹாரா என்றதும் நம் தோழர்களுக்கு நினைவுக்கு வருவது 1973 செப்டம்பர். பினோசெட்டின் ராணுவம் அவரைச் சாண்டியாகோவின் உள்விளையாட்டரங்கில் அடைத்து, கைகளைச் சிதைத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளால் துளைத்துக் கொன்றது. அந்த முகத்தைச் சுவரொட்டியில் போடுகிறோம். நினைவுநாள் கூட்டமும் நடத்துகிறோம். ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்று பேசும் அளவுக்கு, எப்படிப் பாடினார் என்று நாம் பேசுவதில்லை. தியாகியாக்கிவிட்டால் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை போலும்.

1971இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'அமைதியாக வாழும் உரிமை'. தலைப்புப் பாடல் வியட்நாம் மக்களுக்காக, ஹோ சி மின்னை நினைத்து எழுதியது. அதில் ஹாராவோடு வாசித்தவர்கள் 'ப்ளாப்ஸ்' என்ற சிலி நாட்டு ராக் குழுவினர். சைகெடெலிக் இசையில் ஊறிய நடுத்தர வர்க்க இளைஞர்கள், நீளமுடிக்காரர்கள். நாட்டுப்புறப் பாடகர் பாட, மின்கிடாரும் ஆர்கனும் பின்னால் எழுகின்றன.

இது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. சிலி இடதுசாரிகளில் பலருக்கு மின்கிடார் என்றாலே அமெரிக்க ஏகாதிபத்தியம். மக்கள் இசை என்றால் சரங்கோ, கேனா, பொம்போ. பிரேசிலில் 1967 ஜூலையில் மின்கிடாருக்கு எதிராக சாவ் பாவ்லோவில் ஊர்வலமே போனார்கள். அதில் நடந்த ஜில்பெர்டோ ஜில், அதே ஆண்டு அக்டோபரில் 'ஓஸ் முடாண்டிஸ்' என்ற ராக் குழுவின் மின்கிடாரோடு மேடையேறினார் என்பது வேறு கதை.

ஹாரா யார்? பண்ணையாளின் மகன். சிலியில் 'இன்கிலினோ' என்பார்கள். நிலவுடைமையாளர் குடிசையும் கையளவு நிலமும் கொடுப்பார், பதிலுக்குக் குடும்பமே பண்ணையில் உழைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய தாய் அமந்தா சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கிடார் மீட்டிப் பாடியவர். இங்கே நாம் நிதானிக்க வேண்டும். சாவு வீட்டில் பாடியதற்காக அமந்தாவை யாரும் தீண்டத்தகாதவர் ஆக்கவில்லை. சாவுக்குப் பறையடித்ததையே காரணம் காட்டி இழிவு சுமத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒரு கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உழைக்கிறவன் தன் பாட்டில் எந்தக் கருவியைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்வது யார்?

'தூய்மை கெடாமல் இருங்கள்' என்பது எப்போதும் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் சொல்லப்படும் புத்திமதி. மேலே இருப்பவர் வீட்டுப் பிள்ளை பியானோவும் படிக்கும், நாட்டுப்புறப் பாட்டையும் ஆய்வு செய்யும். பண்ணையாள் மகன் மட்டும் தாத்தாவின் கருவியோடு அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பறையோடு கிடார் எதற்கு, கானாவோடு ராப் எதற்கு என்று கேட்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அவர்களில் சிலர் நம் மேடையிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அதே தட்டில் பெரு நாட்டுக் கறுப்பின அடிமைகளின் பாட்டு ஒன்று இருக்கிறது. இனி அந்தப் பண்ணைக்கு வேலைக்குப் போகமாட்டோம் என்பதுதான் அதன் சேதி. ஸ்பெயின் கவிஞர் மிகெல் எர்னாந்தெஸ், ஏர் ஓட்டும் சிறுவனைப் பற்றி எழுதிய கவிதை இருக்கிறது. அமெரிக்கப் பாடகி மால்வினா ரெனால்ட்ஸின் பாட்டு சாண்டியாகோ பணக்காரத் தெருவைக் கேலி செய்வதாக உருமாறி வருகிறது. தனக்கு வேண்டியதை எங்கிருந்தும் எடுத்துக்கொண்டவர் ஹாரா.

அப்படியானால் எல்லாக் கலப்பிசையும் நல்லதா? இல்லை. இன்று 'ஃபியூஷன்' என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதியில் நாட்டுப்புறக் கலைஞர் நாற்பது நொடி வந்து போகிறார். பெயர் கடைசியில், பணம் அதற்கும் கடைசியில். இந்தத் தட்டில் நிலைமை தலைகீழ். பாட்டு ஹாராவுடையது, அரசியல் ஹாராவுடையது. அழைத்தவர் அவர், வந்து சேர்ந்தவர்கள் ராக் குழுவினர். மின்கிடார் அவர் சொற்களை மூடவில்லை, வரிகளுக்கு இடையில் புகுந்து அவற்றைத் தள்ளிவிடுகிறது. தலைப்புப் பாடலோடு இன்னொரு பாட்டிலும் ப்ளாப்ஸ் வாசிக்கிறார்கள், மற்றவற்றில் இல்லை. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற முடிவு பாடகரின் கையில் இருந்தது. கூட்டுழைப்பு என்று எதையாவது நம்மிடம் கொண்டுவந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 'அந்நிய' மின்கிடாரை ராணுவம் தேடவில்லை. ஆண்டிஸ் மலை மக்களின் சரங்கோவும் கேனாவும்தான் சந்தேகத்துக்கு உள்ளாயின. 1974இல் 'பரோக்கோ ஆண்டினோ' என்ற குழு அந்தக் கருவிகளிலேயே பாஃக்கின் ஐரோப்பிய இசையை வாசித்து, அவற்றை மேடையில் உயிரோடு வைத்திருந்தது. அதுவும் ஒரு கலப்புதான்.

2019 அக்டோபரில் மெட்ரோ கட்டண உயர்வில் தொடங்கிய எழுச்சியின்போது சாண்டியாகோ தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் கிடாரோடு திரண்டு பாடியதும் இந்தத் தலைப்புப் பாடலைத்தான்.

அந்த நீளமுடிப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கலாம். ப்ளாப்ஸில் வாசித்த ஹுவான் பாப்லோ ஒர்ரேகோ, பிற்காலத்தில் பியோபியோ ஆற்றில் அணைகள் கட்டுவதை எதிர்த்து பெஹுவென்சே பழங்குடி மக்களோடு நின்றார். 1997இல் கோல்ட்மன் விருதும் 1998இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருதும் அதற்காகக் கிடைத்தன. ஹாராவோடு வாசித்ததால்தான் அப்படி ஆனார் என்று நாம் கதை கட்டப்போவதில்லை. விருது கிடைத்தும் ரால்கோ அணை எழும்பியது. பெஹுவென்சே நிலம் தண்ணீருக்குள் போனது.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு இந்தத் தட்டை முழுதாகக் கேட்கப்போகிறோம். கிடார் வேண்டாம் என்னும் தோழர்கள் கட்டாயம் வர வேண்டும். பறையடிப்பவர்கள் பறையோடு வாருங்கள்.