யாரைக் கேட்டுப் பூட்டினார்கள்?

ஃபோர்டு திரும்பி வருகிறதாம்! 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதலீடு 3,250 கோடி ரூபாய். மறைமலைநகர் ஆலையில் 2029 முதல் எஞ்சின் செய்வார்களாம். முதலாளிப் பத்திரிகைகள் பல்லாண்டு பாடுகின்றன.

வரட்டும். வேலை வேண்டாமென்று சொல்ல நாம் பைத்தியக்காரர்களல்ல. ஆனால் பழைய கணக்கொன்று பாக்கியிருக்கிறது.

1990களில் இதே கம்பெனி வந்தபோது செங்கற்பட்டு வட்டாரம் பட்ட பூரிப்பு மறந்துபோகவில்லை. 1999ல் ஐகான் கார் வெளிவந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் கார் செய்யும் ஆலையாக அது வளர்ந்தது. சிங்கப்பெருமாள்கோயிலில் வீட்டு வாடகை ஏறிற்று. ஐ.டி.ஐ. படித்த பையனுக்குப் பெண் கொடுக்க மாமனார்கள் முன்வந்தார்கள். இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை.

2021 செப்டம்பர் 9ந் தேதி அறிவிப்பு வந்தது: ஆலையை மூடுகிறோம். பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டமாம்! எந்த வண்டி செய்வது, என்ன விலை வைப்பது என்று எந்தத் தொழிலாளியையாவது கேட்டார்களா? தீர்மானம் டியர்பார்னில், தண்டனை மறைமலைநகரிலா? சுமார் 2,600 தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். ஒப்பந்தக் கூலிகள், கேன்டீன்காரர்கள், பஸ் டிரைவர்கள், உதிரிபாகப் பட்டறைகளில் உழைத்தவர்கள் அந்தக் கணக்கில் கூடச் சேரவில்லை. 2022 மே இறுதியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஆலைக்குள்ளேயே அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான நஷ்டஈடு. ஜூலையில் கடைசிக் கார் வெளியேறியது. நாற்பது வயதில், வீட்டுக் கடன் தலைமேலிருக்க, வேறு எந்த ஆலை வாசலில் போய் நிற்பது?

நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 2016ல் ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில் பிரேசிலில் ஆலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். கீலாங் தொழிலாளிக்கும் கமசாரி தொழிலாளிக்கும் படித்துக் காட்டிய அதே பாட்டுத்தான் இங்கும்.

மாமல்லபுரக் கடற்கரையில் ஆலை கிடையாது. ஆனால் கயிறு அதேதான். அங்கே கல்லுளியின் ஓசை உலகப் பயணியின் காலடியை நம்பியிருக்கிறது. கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு 2017ல் கிடைத்தது. பட்டயம் வந்தது, சோறு? 2020ல் கொரோனா ஊரடங்கில் பயணிகள் நின்றதும் சிறு பட்டறைக்காரன் கதி என்னவாயிற்று? 2019 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்தபோது, அழகு கெடுமென்று அப்புறப்படுத்தப்பட்டது சாலையோரக் கடைக்காரனையல்லவா!

"அந்நிய மூலதனத்தைக் கேள்வி கேட்டால் அது ஓடிவிடும்" என்கிறார்கள். கேள்வி கேட்காமலிருந்தபோது மட்டும் ஓடாமல் நின்றதா?

இப்போது நிலைமை இன்னும் மோசம். 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, 300 பேருக்குக் குறைவான ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு இந்த வரம்பு 100. பெரிய ஆலையை நம்பிப் பிழைக்கும் 200 பேர், 250 பேர் பட்டறைகளை இனி நினைத்த நேரத்தில் பூட்டலாம்.

புதிய ஒப்பந்தத்தில் சொல்லப்படும் வேலை 600 சொச்சம். அதில் 2022ல் வெளியேற்றப்பட்டவர்களுக்கு முதலுரிமை உண்டா? மறுபடி மூடினால் வாங்கிய சலுகைகளைத் திருப்பித் தருவார்களா? அரசு ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் சட்டசபையில் வைக்கட்டும். மறைமலைநகர் தொழிலாளி அதைத் தமிழில் படித்துப் பார்க்கட்டும்.