அத்திக்காயைப் பிளந்து காட்டுங்கள்

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு, நடுவே அம்புக்குறிகள். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை நம் பள்ளிகள் தலைமுறைகளாக இப்படித்தான் கற்பிக்கின்றன. சார்பு என்றால் உண்பதும் உண்ணப்படுவதும் மட்டுமே என்றாகிவிட்டது. தவளையை அழித்தால் மாணவனுக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

மாறாக, ஓர் அத்திக்காயை வகுப்பில் பிளந்து காட்டலாம். அரிதானதை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அத்தி தாராளமாகவே பூக்கிறது, உள்ளுக்குள். நாம் காய் என்பது நூற்றுக்கணக்கான பூக்களை மூடிய உறை. அதன் நுனித்துளை வழியே, சிறகுகள் முறிய, ஒரு சிறு குளவி நுழைகிறது. மகரந்தம் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. (பழத்தைப் பிட்டதும் பூச்சி என்று எறிவது நம் வழக்கம்.) முட்டையிட்ட பூவில் விதை இல்லை, புழு அதைத் தின்றே வளர்கிறது. மற்ற பூக்களின் விதைகளோ அதே குளவி தந்தவை. அம்புக்குறியை எந்தப் பக்கம் வரைவது?

பிறந்த ஆண் குளவிகளுக்குச் சிறகில்லை. பெண்களோடு கூடி, அவை வெளியேற வழி குடைந்து கொடுத்துவிட்டுச் சாகின்றன. மகரந்தத்துடன் பறக்கும் பெண்ணுக்கு ஆயுள் ஓரிரு நாள். அதற்குள், பூப்பருவத்தில் இருக்கும் வேறோர் அத்திமரம் எட்டும் தூரத்தில் அகப்பட வேண்டும்.

ஆகவே, சாலை விரிவாக்கத்தின்போது 'ஒரு மரத்தை விட்டுவைத்தோமே' என்பது அத்தியிடம் செல்லாது. குளவி வராத காய்கள் பெரும்பாலும் பழுக்குமுன்பே உதிர்ந்துவிடும். வௌவாலும் குரங்கும் அந்த மரத்துக்கு வந்து வெறுமனே திரும்பும்.