குறிலும் நெடிலும் கணிப்பொறியும்

பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகன், சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, டிஸ்கிரீட் மேத்ஸ் என்று மாணவர்கள் சுருக்கி வழங்கும் தனிநிலைக் கணிதப் புத்தகத்தை என் மேஜைமீது வைத்துவிட்டு, "மாமா, நான் சேர்ந்தது கம்ப்யூட்டர் படிக்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் இதில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறதென்று நீங்களாவது காட்டுங்கள்" என்றான். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

பத்தாம் வகுப்பில் படித்து, பரீட்சை முடிந்த மறுநாளே அவன் மறந்துவிட்ட யூக்ளிடின் உபாயத்தை நினைவூட்டினேன். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண, பெரியதைச் சிறியதால் வகுத்து, வந்த மீதியால் அந்தச் சிறியதை வகுத்து, மீதி பூஜ்யமாகும் வரையில் இவ்வாறே இறங்கிச் செல்ல வேண்டும் என்பது, கி.மு. 300-ஐ ஒட்டி அந்தக் கிரேக்க ஆசிரியர் தம் நூலின் ஏழாம் பகுதியில் விதித்த முறையின் சாரம். 1071, 462 என்ற எண்களைக் கொடுத்தேன். மூன்றே வகுத்தலில் விடை 21 என்று முடித்துவிட்டான். 13, 8 என்ற எண்களைக் கொடுத்தேன். ஐந்து வகுத்தல் பிடித்தது. "சின்ன எண்ணுக்கா அதிக வேலை?" என்று அவன் வியந்தானே, அவன் வெறுத்த பாடம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

ஒரு முறை பிழையில்லாத விடையைத் தரும் என்று நிரூபிப்பது ஒரு காரியம். எத்தகைய எண்களைக் கொடுத்தாலும் இத்தனை படிகளுக்குள் தந்தே தீரும் என்று, போட்டுப் பார்ப்பதற்கு முன்பே அறுதியிட்டுக் கூறுவது வேறொரு காரியம். யூக்ளிடின் உபாயத்துக்கு இந்த இரண்டாவது காரியத்தை அழகுறச் செய்து முடித்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் காப்ரியேல் லாமே, ஆண்டு 1844. சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்டோ, அவற்றின் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல்கள் போகா என்பது அவர் தேற்றம். 8 என்பது ஓர் இலக்க எண்; ஆகவே எல்லை ஐந்து; 13-உம் 8-உம் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டே விட்டன.

ஏன் தொட்டன என்பதில்தான் ரசம் இருக்கிறது. வகுக்க வகுக்க 5, 3, 2, 1 என்று மீதிகள் மெல்ல மெல்ல இறங்கினவே, அந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்தால் முந்திய இரண்டின் கூட்டுத்தொகையே அடுத்த எண்ணாக வருவதைக் காணலாம். 1202-இல் நூல் எழுதிய இத்தாலியரான பிபோனாச்சியின் பெயரால் உலகம் வழங்கும் இந்த வரிசையை, அவருக்கு முன்பே, 1150-ஐ ஒட்டி ஹேமசந்திரரும், அவருக்கும் பல நூற்றாண்டு முந்திய விரஹாங்கரும் கண்டது சந்தஸ் சாஸ்திரம் என்னும் யாப்பிலக்கணத்தில். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது நம் இலக்கணமும் சொல்லுவதே. அப்படியானால் ஆறு மாத்திரை கொண்ட அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? அடி குறிலில் முடிந்தால் அதற்கு முன் ஐந்து மாத்திரை, நெடிலில் முடிந்தால் நான்கு மாத்திரை. ஆகவே ஐந்துக்கு உரிய 8 விதங்களையும் நான்குக்கு உரிய 5 விதங்களையும் கூட்டினால் 13. யாப்பை எண்ணியவர்கள் கண்ட அதே எண்களே, ஏழு நூற்றாண்டு கழித்து, வகுத்தலை மிக அதிகமாக அலைக்கழிக்கும் எண்களாக லாமேயின் எதிரில் வந்து நின்றன.

கம்ப்யூட்டர் எங்கே என்றல்லவா கேட்டான்? 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் வகுத்த ரகசியக் குறியீட்டு முறையில், திறவுகோலை ஆக்குவதற்கு யூக்ளிடின் உபாயமே சற்று விரிந்த உருவத்தில் பயன்படுகிறது. அங்கே பரவலாக வழங்கும் 2048 பிட் எண் என்பது 617 இலக்கம் கொண்டது. அவ்வளவு பெரிய இரண்டு எண்களுக்கும் 3085 வகுத்தலுக்கு மேல் ஆகாது என்று லாமே வாக்களித்திருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வோர் எண்ணாக வகுத்துச் சோதிப்பதோ, சரியான விடையைத் தரும் முறைதான் என்றாலும், எத்தகைய வேகமுள்ள யந்திரத்துக்கும் யுகாந்தத்திலும் முடியாத வேலை. யந்திரத்தின் வேகம் முறையின் மந்தத்தை ஈடுசெய்யாது. நல்ல முறை எதுவென்று தெரிந்துகொள்ள, அதற்குச் சாதகமான உதாரணங்களை விட்டு, அதை அதிகபட்சம் சங்கடப்படுத்தும் எண்களைத் தேடிப்போக வேண்டும். அப்படித் தேடும் பழக்கத்தைத்தான் அந்தப் புத்தகம் கற்பிக்கிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு பையன் பரவசப்பட்டுவிட்டான் என்று எழுதினால் அது கற்பனையாகும். காபியைக் குடித்து முடித்தான், புத்தகத்தை எடுத்துக்கொண்டான். வாசற்படி வரை சென்றவனை நிறுத்தி, "21-உம் 13-உம் கொடுத்தால்?" என்று கேட்டேன். "ஆறு வகுத்தல்" என்று சொல்லிவிட்டு, பிறகு திரும்பி வந்து, என் திருப்திக்காக அதைப் போட்டும் காட்டினான்.