கோவளத்துக்கு அப்பால்

மத்தியதரைக்கடற் கரையின் உல்லாச நகரங்களைப் படத்தில் கண்டு பெருமூச்செறியும் அன்பர்கள் நம்மிடையே பலர். திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நமக்கோ, தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் கோவளம் இருக்கிறது. சென்ற ஞாயிறன்று பிள்ளைகளுடன் அங்கு போயிருந்தோம்.

வளைந்து கிடக்கும் கரைகள், இடையே பாறைகள், தென்கோடியில் 1972இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம். மணலில் கருமை கலந்திருப்பது அழுக்கன்று. அதிலுள்ள கனிமங்களின் நிறம். குன்றின்மேல் நிற்கும் அரண்மனை, மகாராணி சேது லட்சுமி பாயியின் கணவர் 1930களில் கட்டுவித்தது. அதற்கு இடப்பட்ட ‘ஹால்சியன்’ என்னும் பெயர், கடலை அமைதியுறச் செய்வதாகக் கிரேக்கர் கதைகட்டிய ஒரு பறவையினுடையது. அரண்மனை 1964இல் அரசின் கைக்குச் சென்றது. 1970களில் வெளிநாட்டார் திரள்திரளாக வரலாயினர். இவ்வளவே கோவளத்தின் கதை என்று எண்ணித் திரும்பிவிடுவோர்தாம் மிகுதி. நாமும் பல்லாண்டுகள் அப்படித்தான் திரும்பினோம்.

கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் சிறிது தொலைவிலுள்ள விழிஞத்தை அன்றோ நாம் முதலில் காண வேண்டும்! ஆய் மன்னர்களின் கோட்டையும் துறைமுகமும் அங்கேதான் இருந்தன. கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று அதன் அரணைப் பகைவரே செப்பேடுகளில் புகழ்ந்திருக்கின்றனர். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதை அழித்தான். பின்னர் இராசராசன் படை வந்தது. ஊர் இராசேந்திர சோழப் பட்டினம் என்றும் பெயர் பெற்றது. முதற் குலோத்துங்கனும் விழிஞத்தை வென்றதைச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடியுள்ளார். பரணியைப் பள்ளியில் உருப்போட்ட நம்மில் எத்தனை பேர், அவ்வூர் நம் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ளதென அறிவோம்? தமிழ் எழுதவே தெரியாமல் இங்கு வளரும் நம் பிள்ளைகளை நொந்து என்ன பயன்?

இன்று விழிஞம் என்றால் புதிய துறைமுகமே நினைவுக்கு வருகிறது. 2015இல் பணி தொடங்கி, 2024இல் முதற் பெருங்கப்பல் வந்து, 2025 மே 2ஆம் நாள் பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரை அரிக்கப்பட்டு வீடிழந்தோம் என்று மீனவர்கள் 2022இல் நான்கு மாதங்களுக்கு மேல் போராடியதையும் உடன் சொல்லவேண்டும். கோட்டைகள் எழுந்தபோதும் விழுந்தபோதும் வலை வீசியவர்களைச் செப்பேடு எதுவும் குறிக்கவில்லை.

ஊரினுள் ஒரு குடைவரைக் கோயில் உண்டு. எட்டாம் நூற்றாண்டினது என்பர். மிகச் சிறியது. உள்ளே வீணையேந்திய தட்சிணாமூர்த்தி. வாயிலின் இருபுறமும் சிவபெருமானின் உருவங்கள். ஒருபுறம் முப்புரம் எரித்த கோலம், மறுபுறம் உமையுடன் ஆடும் கோலம். இரண்டும் முற்றுப்பெறவில்லை. “ஏன் அப்பா பாதியில் விட்டுவிட்டார்கள்?” என்று இளையவன் கேட்டான். விடை தெரியாமல், மேற்சொன்ன போர்க்கதைகளை அவனுக்குச் சொன்னேன். ஆய், பாண்டியன், சோழன் என்ற பெயர்களை மூத்தவள் தன் குறிப்பேட்டில் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். வீடு திரும்பியபின் அவற்றைத் தமிழில் எழுதப் பழக்கினோம். ‘ழி’ மட்டும் இன்னும் சரியாக வளையவில்லை.

செல்வோர் காலையிலேயே செல்க. கோவளத்தில் பாறையோரம் குளிக்க வேண்டாம்; அலை இழுத்துவிடும்.