சிபாப் மெஷினுக்கு இஎம்ஐ ஓகே, ஃபாலோ-அப்புக்கு பட்ஜெட் எங்கே?

குறட்டைதானேன்னு விட்டுட்டு, கடைசியில ஸ்லீப் டெஸ்ட் எடுத்து, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு தெரிஞ்சதும் பலர் என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி: "சிபாப் மெஷினை நோ-காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கலாமா?"

உடனே வாங்காதீங்க. ஒரு மாசம் வாடகைக்கு எடுங்க.

இது வாங்கி வச்சாலே பலன் தர்ற பொருள் இல்லை. தினமும் ராத்திரி முழுக்க மாஸ்க் போடணும். ஓரத்துல காத்து கசியும், தொண்டை வறளும். மூணாவது நாளே கழட்டி அலமாரியில வச்சவங்க நிறைய.

மெஷின் விலை 45,000 ரூபாய்னு வச்சுக்குவோம். தினமும் 7 மணி நேரம், 5 வருஷம் போட்டா மணிக்கு மூன்றரை ரூபாய்தான். 20 ராத்திரி, 3 மணி நேரம் வீதம் போட்டுட்டு நிறுத்தினா மணிக்கு 750 ரூபாய்!

அமெரிக்காவுல மெடிகேர் இதுல ரொம்ப கறார். முதல் 3 மாசத்துக்குள்ள, தொடர்ந்து வர்ற ஏதாவது 30 நாள்ல, 70% ராத்திரிகள் குறைஞ்சது 4 மணி நேரம் போட்டதா மெஷின் டேட்டா காட்டணும். இல்லைன்னா கவரேஜ் தொடராது. இங்கே பெரும்பாலான பாலிசிகள் வீட்டு மெஷினுக்குப் பணமே தர்றதில்லை. அதனால போடுறோமா இல்லையான்னு கேட்கவும் ஆள் இல்லை.

அந்த இடத்தை டெலி-கன்சல்டேஷன் நிரப்பும்னு நான் நினைக்கிறேன். பல புது மாடல்கள்ல எத்தனை மணி நேரம் போட்டோம், கசிவு எவ்வளவு, மூச்சு எத்தனை தடவை தடைபட்டது எல்லாம் ஆப்லயே தெரியும். அதைப் பார்த்து மாஸ்க் சைஸ் மாத்தணுமா, பிரஷர் மாத்தணுமான்னு டாக்டர் வீடியோ கால்லயே சொல்லலாம். நீங்க லீவ் போட வேண்டாம். (பிரஷரை நீங்களே மாத்தாதீங்க, ப்ளீஸ்.) 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலுக்கு அப்புறம் இது முறையான கன்சல்டேஷன்தான். ஆபீஸ் பாலிசியில ஓபிடி கவர் இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. இல்லைன்னாலும் முதல் மாசத்துக்கு மட்டும் 2, 3 கன்சல்டேஷனுக்குக் காசு ஒதுக்குங்க. சிரமம் எல்லாம் அப்போதான் வரும். டீலர் "ஃப்ரீ சப்போர்ட்"னு சொன்னா, டேட்டாவைப் பார்க்கிறது டாக்டரா, சேல்ஸ் ஆளான்னு கேளுங்க.

80டி? உங்களுக்கு 60 வயசு ஆகலைன்னா மெஷின் விலை அதுல வராது.

வாடகைப் பணத்தை அப்புறம் விலையில கழிப்பாங்களான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. மாஸ்க் மட்டும் புதுசா வாங்கிடுங்க.