தேர்வில் தோற்ற பிள்ளையும் நம் பிள்ளைதான்

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தார். நீட் அவருடைய மருத்துவக் கனவை மறித்தது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அன்று முதல் மேடைதோறும் அந்த 1176ஐச் சொல்லித்தான் நீதி கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் தோழர்களே, 400 எடுத்த பிள்ளைக்காக நாம் எப்போது பேசினோம்?

முடிவு வந்த அன்று, சேரியில் முதலிடம் பிடித்தவருக்கு பிளக்ஸ் வைக்கிறோம். "நீதான் நம்ம தெருவையே தூக்கி நிறுத்தணும்" என்கிறோம். பதினேழு வயதுத் தோளில் எத்தனை தலைமுறைச் சுமை! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தோற்றால் இன்னோராண்டு பயிற்சி மையம். நம் பிள்ளை தோற்றால் மறுநாளே கட்டட வேலை. தகுதி என்று அவர்கள் சொல்வதில் பாதி, இந்த இரண்டாவது வாய்ப்புதான்.

படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அம்பேத்கர் வழிவந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. மதிப்பெண்ணைக் காட்டித்தான் மனித மதிப்பைப் பெற வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறோம். மானத்தோடு, அச்சமின்றி வாழ்வதும் வெற்றிதான்.

அடுத்த முறை முடிவு வரும் நாளில், தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போவோம். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கூடவே நிற்போம்.