எலும்புச்சாறு இனிக்கிறது, அறுத்த கை கசக்கிறதா?

ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில் ஒரு சின்ன ராமென் கடை. வாசலில் இருக்கும் எந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். உள்ளே நீளமாக ஒரே பலகை. கோட்டு போட்ட அலுவலரும் கட்டடத் தொழிலாளியும் தோளோடு தோள் உட்கார்ந்து சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுகிறார்கள். நூடுல்ஸ் தீர்ந்ததும் 'காயேதாமா' என்று குரல் கொடுத்தால், மீதமிருக்கும் சாற்றில் இன்னொரு பிடி போடுவார்கள். யாரும் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பலகை ஒரு விடுதலையாகத் தெரிந்தது.

ஆனால் கிண்ணத்துக்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து எடுக்கும் வெண்மையான சாறு அது. 'டோன்கொட்சு' என்பார்கள். பக்கத்துக் குருமே ஊரில் 1937-இல் ஒரு தெருக்கடையில் தொடங்கியது, இன்று ஜப்பானின் பெருமை. எலும்பு வேண்டுமென்றால் யாராவது விலங்கை அறுத்தாக வேண்டுமே, அவர்கள் யார்?

விலங்கை அறுப்பதும் தோல் உரிப்பதும் பதனிடுவதும் அங்கே தீட்டுத் தொழில்கள். தோக்குகாவா ஆட்சியில் அவற்றைச் செய்தவர்களை 'எதா' என்று இழித்து ஒதுக்குப்புறத்தில் தள்ளினார்கள். 1871-இல் அரசாணை அந்தப் பட்டத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டே பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்று செய்தி வந்தது. இறைச்சி நாகரிகத்தின் அடையாளமானது. இறைச்சியின் தீட்டு கழிந்தது. அறுத்தவர்களின் வாரிசுகளான புராக்கு மக்கள்மீது சுமத்திய தீட்டு கழியவில்லை.

புராக்கு குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த இரகசியப் பட்டியல்களை நிறுவனங்கள் விலைக்கு வாங்கியது 1975-இல் அம்பலமானது. வேலை கேட்டு வருபவரை ஊர் பார்த்துக் கழிப்பதற்காக! கல்யாணத்துக்கு முன் துப்பறிவாளரை வைத்துப் பூர்வீகம் விசாரித்தவர்களும் உண்டு. தோக்கியோவின் ஷிபவுரா இறைச்சிச் சந்தைத் தொழிலாளர்களுக்கு வசைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. புராக்கு பாகுபாட்டை ஒழிக்க 2016-இலும் தனிச்சட்டம் தேவைப்பட்டது.

இதே ஃபுக்குவோக்காவில் பிறந்தவர்தான் புராக்கு விடுதலை இயக்கத் தலைவர் மத்சுமோத்தோ ஜிய்ச்சிரோ. 1948-இல் நாடாளுமன்ற மேலவையின் துணைத்தலைவராக இருந்தபோது, பேரரசர் முன்னால் நண்டுபோலப் பக்கவாட்டில் நகரும் மரபுக்கு உடன்பட மறுத்தார். மனிதனுக்கு முன் மனிதனாக நடப்பேன் என்பதுதான் அந்த மறுப்பின் பொருள்.

சேர்ந்து உண்பது மட்டும் சாதியைக் கொல்லாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். ராமென் பலகையில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருப்பவரின் ஊரைக் கேட்காமல் சாப்பிட்டு எழுபவர், மகளுக்கு வரன் பார்க்கும்போதும் கேட்காமல் இருப்பாரா?

நம்மூர் பிரியாணிக் கடையிலும் எல்லாச் சாதியும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறது. அதைக் காட்டி "இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்று கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கறி வெட்டுபவர் வீட்டில் சம்பந்தம் செய்வீர்களா?

அந்தப் பதிலில்தான் சாதி இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.